மூன்று எபிசோடும் முடிந்த பிறகுதான் இலை

மகனே,

இதை நாளைக் காலை முதல் வண்டிக்குப் போகிற எதிர்வீட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வேலைக்குப் போகிற வழியில் கே.ஆர்.புரத்தில் இறங்கி, உன் அறைக் கதவைத் தட்டி, உன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இந்தக் காலத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் உன்னோடு பேசினால் இரண்டாவது நிமிடத்தில் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, மூன்றாவது நிமிடத்தில் நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இந்த விஷயத்துக்கு நீ சரி சொல்லக்கூடாது. காகிதம் என்றால் நடுவில் நீ ஒன்றும் சொல்ல முடியாது, நானும் கத்த முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். மஸ்கட்டில் லிஃப்ட் பராமரிக்கிற வேலை உனக்குக் கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்கிறார்கள் என்று சொன்னாய். அம்மா சந்தோஷப்பட வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாய். வைகாசிப் பௌர்ணமி ஒன்பதாம் தேதி வருகிறது, அதை முடித்துக்கொண்டு வருகிறேன், பத்து நாள் தள்ளிப் போடுங்கள் என்று கம்பெனியில் கேட்டிருக்கிறாய். அவர்கள், வியாழக்கிழமை மாலைக்குள் ஒன்றாம் தேதிக்கு ஒத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் அடுத்து இருக்கிற ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். “ஒத்துக்கவேண்டியதுதானேடா கண்ணு, இன்னாத்துக்கு யோசிக்கிற” என்றாள் அம்மா. நீ சொன்னாய்: “பண்டிகைக்கு நான் இல்லன்னா அப்பா மனசு ஒடிஞ்சு பூடுவாரும்மா. மூணு எபிசோடும் பாத்துட்டு, ஒண்ணா துன்னுட்டுத்தான் போறது. வேற வேலை வராமலா பூடும்?”

அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. பையன் என்றால் இவன் பையன் என்று மனசுக்குள் மார் தட்டிக்கொண்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த மூன்று எபிசோட் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் இதுவரைக்கும் உனக்குச் சொன்னதில் பாதி பொய்.

இங்கே தங்கச் சுரங்கம், நம் மைன், மூடியபோது உனக்கு ஐந்து வயது. நான் ஷாஃப்ட் வாயில், சுரங்கக் குழிக்கு மேலே நின்று, ஆட்கள் இறங்குகிற கேஜுக்கு மணி அடிக்கிறவன். ஷிஃப்டுக்கு வருகிற ஆட்களைக் கூண்டில் ஏற்றி, கம்பிக் கதவைப் பூட்டி, எந்த லெவலுக்கு என்று நான் மணி கொடுத்தால்தான் கூண்டு கீழே இறங்கும். மணி கொடுத்துவிட்டால் அப்புறம் எவனும் வெளியே வரக்கூடாது. டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன் என்று கெஞ்சினாலும் கதவைத் திறக்கமாட்டேன். அது வேலையின் சட்டம். வேலை போன பிறகும் அந்தச் சட்டம் என்னை விட்டுப் போகவில்லை. லைன் வீடுகளில் பாதிப் பேர் பெங்களூர் வண்டி ஏறினார்கள், நானும் ஏறினேன். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை. பதினோராவது நாள், இப்போது உனக்கு இருக்கிற வயதுகூட இல்லாத ஒருத்தன் காருக்குள்ளிருந்து விரலைச் சொடுக்கி என்னைக் கூப்பிட்டான். நான் கேட்டைத் திறந்துவிட்டேன், சல்யூட்டும் அடித்தேன், மறுநாளிலிருந்து போகவில்லை. முதுகு வலி என்று வீட்டில் சொன்னேன். நீயும் பள்ளிக்கூடத்தில் ‘எங்க அப்பாக்கு முதுகு வலி’ என்று சொல்லி வளர்ந்தாய். எனக்கு முதுகில் ஒரு வலியும் இருந்ததில்லை, இன்றுவரைக்கும் இல்லை. அம்மா கார்மெண்ட்ஸுக்குப் போனாள். விடிவதற்கு வெகு நேரம் முன்னாலேயே எழுந்து நமக்குச் சோறாக்கி வைத்துவிட்டு வண்டி பிடித்து, நாளெல்லாம் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு, இருட்டின பிறகு வீடு வருவாள். நான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து டிவி முன்னால் உட்காருவேன். வெளியே போனால் யாராவது ‘இன்னா, இன்னும் வேலைக்குப் போவலயா’ என்று கேட்பார்கள். அதனால் வெளியே போவதே நின்றுபோனது. ஒரு கதவும் பூட்டியிருக்கவில்லை, ஆனாலும் நான் உள்ளேயேதான் இருந்தேன்.

அந்த வருஷம் பொங்கல் அன்றைக்கும் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நம்மோடு உட்கார்ந்து டிவியில் ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு ஜவுளிக்கடை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையலறை. அதற்குப் பொங்கல் சிறப்பு எபிசோட் பகலில் போட்டார்கள். பாவம், அவள் பார்க்காமல் போகிறாளே என்று பழைய வி.சி.ஆர். ஒன்றைப் பிடித்து வந்து அதைப் பதிந்து வைத்தேன். சாயங்காலம் அவள் வந்ததும் கால் கழுவக்கூட விடாமல் உட்கார வைத்துப் போட்டேன். பொங்கலும் வடையும் பக்கத்தில் மூடி வைத்திருந்தது. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் சாப்பிட்டோம். அதே போலத் தீபாவளிக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. வேலைக்குப் போகாத ஆம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்று அந்த மூன்றுதான் என் கணக்கில் இருந்தது.

அப்புறம் நம் வைகாசிப் பௌர்ணமி, புத்தர் பிறந்த நாள், வந்தது. காலையில் வெள்ளை உடுத்திக்கொண்டு விகாரைக்குப் போய்ப் பஞ்சசீலம் சொல்லிவிட்டு வந்தோம். நீ டிவி பெட்டியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாய். “நம்ம பண்டிகைக்கு இன்னாப்பா வரும்?” ஒன்றும் வராதுடா என்றேன். “எல்லார் பண்டிகைக்கும் வருதே. நம்முளுது பண்டிகை இல்லையா?” உனக்கு ஏழு வயது. என் தாத்தா காலத்திலேயே நம் குடும்பம் பௌத்தத்துக்கு வந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் உனக்கு ஏதாவது நல்ல பதிலாகச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்த பதில் கேசட்தான். மற்றவர்களுடைய பண்டிகை எபிசோட் மூன்றையும் எடுத்து வரிசையாகப் போட்டு, இதுதான் நம் பண்டிகை நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டேன். நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்புக்காக மறு வருஷமும் போட்டேன். அதற்கு அடுத்த வருஷம் அது சட்டமாகிவிட்டது. கேசட் தேய்ந்ததும் ராபர்ட்சன்பேட்டை கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றினேன், சி.டி. கீறல் விழுந்ததும் பென் டிரைவில் ஏற்றினேன். நடுவில் வருகிற சோப்பு விளம்பரத்தையும் டீத்தூள் விளம்பரத்தையும்கூட வெட்ட விடவில்லை. அந்த சோப்பு இப்போது கடையிலேயே கிடைப்பதில்லை, நம் வீட்டில் மட்டும் வருஷத்துக்கு ஒரு நாள் அதற்கு விளம்பரம்.

வரிசையிலும் எனக்கு ஒரு ஞாயம் இருந்தது. முதலில் கிறிஸ்துமஸ். பக்கத்து வீட்டு டீச்சரம்மா கேக்கில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிவிடுவாள், கப்பல் வேலைக்குப் போன அவள் மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று அந்தக் கேக்கை முழுசாகத் தின்று தீர்ப்பான். சிரிப்பாக இருக்கும், பசி தெரியாது. அடுத்தது தீபாவளி. கடைசித் தம்பி பஸ் கிடைக்காமல் லாரியில் தொற்றிக்கொண்டு வருவான், பெரியண்ணன் ஒரு வெடிகூட வைக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். அதில் அழுகை வரும், அழுகிறவனுக்கும் பசி தெரியாது. கடைசியில் பொங்கல். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மூத்த மருமகள் திரும்பி வந்து வாசலில் கால் வைக்கிறவரைக்கும் பானை பொங்காது. அதை முதலில் போட்டால் அந்தப் பானையைப் பார்த்தே வயிறு கூப்பாடு போடும். அதனால் அது கடைசி. பானை பொங்கி வழிந்ததும் பட்டனை அமுக்கிவிட்டு ‘இலை போடும்மே’ என்பேன். ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் எதைப் பார்க்கவேண்டும், எதற்கப்புறம் எதைப் பார்க்கவேண்டும் என்று என்னை யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இத்தனை தடவை பார்த்த எனக்கு இந்த வாரம்தான் ஒன்று உறைத்தது. மூன்றிலுமே வெளியே போனவர்கள் இலை போடுவதற்குள் திரும்பி வந்துவிடுகிறார்கள். போனவன் போன இடத்திலேயே நன்றாக இருக்கிறான், இங்கே இருக்கிறவர்கள் அவனை நினைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள் என்று ஒரு பண்டிகை எபிசோடும் எவனும் எடுப்பதில்லை. ஏழு வயதிலிருந்து வருஷா வருஷம் உனக்கு இதையே போட்டுக் காட்டியிருக்கிறேன். நீ பத்து நாள் தள்ளிக் கேட்காமல் வேறு என்ன செய்வாய்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ போனை வைத்ததும் நான் அம்மாவைப் பார்த்து, “பாத்தியா, நம்ம புள்ளைக்கு அந்த எபிசோடு மேல எவ்வளவு ஆசன்னு” என்றேன். அவள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

“எனக்கு அந்த சீரியலே புடிக்காதுங்க.”

“இன்னாது?”

“புடிக்காது. மொதல்லேருந்தே புடிக்காது.”

“அப்புறம் இன்னாத்துக்கு இத்தினி வருஷம் ஒக்காந்துகினு இருந்த?”

“நீங்க ஒக்காரச் சொன்னீங்க, ஒக்காந்தேன். வேலை இல்லாம வூட்ல கீறாரு, எனக்கோசரம் ஒண்ணு புடிச்சு வெச்சுகினு வாசலையே பாத்துகினு கீறாரு. அத வேணான்னு எந்த வாயால சொல்றது? எனக்கு துன்னுட்டுப் படுத்தா போதும்னு இருக்கும். நீங்க என் தோள தட்டித் தட்டி, ‘முடிவு வருது பாரு, முடிவு வருது பாரு’ன்னு எழுப்புவீங்க.”

“நான் உனக்கோசரம்தானே போட்டேன்.”

“தெரியுது. பையன் நமக்கோசரம் வரான். யாருக்கும் வேணாத சோத்த மூணு பேரும் மாத்தி மாத்திப் பரிமாறிக்கினு கீறோம். இருவது வருஷமா ஆறிப்போன வடைதான் துன்றோம், அதாவது தெரியுமா உங்களுக்கு?”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எழுந்து வெளியே போனேன். மைசூர் மைன்ஸ் பக்கம், மைன் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேடு வரைக்கும் நடந்தேன். காற்றில் மண் பறந்து கண்ணெல்லாம் எரிச்சல். அவள் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளுக்காகப் போட்டிருக்கிறேன், நீ எங்கள் இரண்டு பேருக்காக லீவு கேட்டு வந்திருக்கிறாய். மூன்று பேரையும் கூண்டில் ஏற்றி மணி கொடுத்தது நான். இத்தனை வருஷத்தில், யாருக்காவது இறங்கவேண்டுமா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது அந்தக் கோபமெல்லாம் போய் வேறொன்று மார்பில் வந்து உட்கார்ந்தது. அது நாலு வருஷமாக அங்கேயேதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நாலு வருஷத்துக்கு முன்னால், நீ வீட்டிலிருந்தே தினமும் வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தபோது, பௌர்ணமிக்கு முதல் நாள், துபாய் கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாய். இன்றைக்கோ நாளைக்கோ வரும், நேரம் சொல்லவில்லை, போனில் பத்து நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள் என்று ஏஜெண்ட் சொன்னதாகச் சொன்னாய். மறுநாள் சாயங்காலம் எபிசோட் ஆரம்பிக்கும்போது வழக்கம்போல எல்லோருடைய போனையும் வாங்கி முறுக்கு டப்பாவில் போட்டேன். அது நான் போட்ட இன்னொரு சட்டம். நீ உன் போனைக் கொடுக்கும்போது ஒரு நொடி தயங்கினாய். “அப்பா, கால் வந்தா மட்டும் சொல்லுங்க” என்றாய். நான் சொல்கிறேன் என்றேன். டப்பாவை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

தீபாவளி எபிசோட் பாதியில் டப்பா அதிர்ந்தது. உனக்குக் கேட்கவில்லை, நீ டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். டப்பாவைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி உள்ளே போனேன். மூடியைத் திறந்து பார்த்தேன். வெளிநாட்டு எண், இத்தனை நீளம். அது எது என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அங்கே நீ, லாரியில் தொற்றிக்கொண்டு வருகிற தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இங்கே என் கையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. சிவப்பை அமுக்கினேன். திரும்பவும் வந்தது. திரும்பவும் அமுக்கினேன். அப்புறம் அந்த இரண்டு அழைப்பையும் பட்டியலிலிருந்து அழித்தேன். உன் போனுக்கு அப்போது பூட்டு கிடையாது. எப்படி அழிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான், விளம்பரக்காரர்கள் தொல்லை தாங்கவில்லை என்று நான் கேட்டபோது. கடைசியில் போனை அணைத்துவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பொங்கல் பானை பொங்கியது. நான் ‘இலை போடும்மே’ என்றேன். அன்றைக்கு நீ மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தாய். நீ கை கழுவப் போன நேரத்தில் உன் போனை மறுபடி உயிர்ப்பித்து வைத்துவிட்டேன்.

எபிசோட் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தானே இருக்கிறது, அப்புறம் கூப்பிடட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எபிசோடுக்காக என்றால் ஒரு தடவை கட் பண்ணியிருப்பேன், அழித்திருக்க மாட்டேன். நீ போய்விடுவாய் என்று பயம். நீயும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரை வைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாடுவேன், எனக்கென்று என்ன இருக்கிறது என்ற பயம். வேலை போனபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஏஜெண்ட் உன்னிடம், ரெண்டு தடவை கூப்பிட்டார்கள், நீ கட் பண்ணிவிட்டு போனை அணைத்துவிட்டாயாம், வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னான். நீ கட் பண்ணவில்லை என்று அவனிடம் சண்டை போட்டாய். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “நம்ம ஊரு டவர்தாம்பா காரணம். நான் அன்னிக்கு பெங்களூர்லயே இருந்திருக்கணும். பண்டிகைக்கு லீவு போட்டது என் தப்பு” என்றாய். நான் உன் தலையைத் தடவி, “போனா போவுது வுடு, நம்ம ஊரு டவர் எப்பவும் அப்படித்தான்” என்றேன். அந்த டவர் கதையை நம்பி, அடுத்த மாதமே கே.ஆர்.புரத்தில் அறை எடுத்துக்கொண்டு போனாய். எவனை வீட்டில் நிறுத்தவேண்டும் என்று அதைச் செய்தேனோ, அவன் அதனாலேயே வீட்டை விட்டுப் போனான். நாலு வருஷமாக நீ பெங்களூரில் அடுக்குமாடி அடுக்குமாடியாக லிஃப்ட் குழியில் இறங்கி கிரீஸ் பூசிக்கொண்டிருக்கிறாய். வருகிற போதெல்லாம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாய். ஒவ்வொரு தடவையும் பின்கட்டில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போது சொல்லிவிடலாம் என்று வருவேன், சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. “எத்தினி தடவ அடிச்சுது?” என்று மட்டும் கேட்டாள். ரெண்டு என்றேன். “ரெண்டாவது தடவயும் நீங்க எடுக்கல.” இல்லை என்றேன். தையல் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். பிறகு, “அவன்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். சொல்லாம நீங்க பௌர்ணமிக்கு விகாரையில போய் நின்னீங்கன்னா நான் கூட வரமாட்டேன்” என்றாள். பஞ்சசீலத்தில் நாலாவதாக என்ன சொல்கிறோம் என்று உனக்குத் தெரியும், பொய் பேசமாட்டேன் என்று. நாலு வருஷமாக அதையும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நேற்றிலிருந்து அவள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்று ஒருத்தன் எழுதுகிற கடிதத்தில் இரண்டு வார்த்தை இல்லாமல் போகாது, பொறுத்துக்கொள். நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு, பிள்ளைகள் என்று வரும்போது, பண்டிகை நாளில் யாரையும் பசியோடு உட்கார வைக்காதே. எபிசோட் பார்க்கவேண்டுமென்றால் ஒன்று போதும். அந்த உப்புக் கேக் எபிசோடைப் போடு, சூடான வடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போடு. நடுவில் எவனாவது எழுந்து போனால் போகட்டும், நிறுத்தி வைத்துக் காத்திருக்காதே. உன் வீட்டில் எல்லோரும் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டுப் பார். நான் கேட்டிருந்தால் அம்மா இருபது வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பாள். எனக்குக் கேட்கப் பயம், கேட்டால் பதில் வரும் என்று பயம்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். ‘சரிப்பா’ என்று ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டு, பௌர்ணமிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். உன் குணம் அது, அந்தக் குணத்தை வைத்துத்தான் இத்தனை நாள் உன்னைப் பிடித்து வைத்திருந்தேன். நீ என்னை மன்னிக்காமல் போனாலும் பரவாயில்லை, போ. மனசு ஒடிந்துபோவேன் என்று நீ அம்மாவிடம் சொன்னாயே, ஒடிந்துதான் போவேன், அதை மறைத்து உனக்கு இன்னொரு பொய் சொல்லப் போவதில்லை. அதற்காக நீ அந்த வேலையை விட்டாயானால் அப்புறம் நான் எப்படி உன் முகத்தைப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இதை நீ படிக்கும்போது வியாழக்கிழமை காலை எட்டு மணிகூட ஆகியிருக்காது. அவர்கள் அலுவலகம் நம் நேரத்துக்குப் பத்து மணிக்குத் திறக்கும் என்று நீதான் அம்மாவிடம் சொன்னாய். படித்து முடித்ததும் உனக்கு ஆத்திரம் பொங்கும். உடனே என்னைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று இருக்கும். கேள். அதற்கு அவசரமில்லை, நான் எங்கே போகப்போகிறேன், இந்த வீட்டில்தான் இருப்பேன். என்னைக் கூப்பிடாதே. முதலில் அவர்களைக் கூப்பிட்டு, ஒன்றாம் தேதி வருகிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா